பாறை இடுக்கில் நீங்கள் பார்த்த குட்டிப் பனை: அது மயில்சிகைப் பெரணி

நீங்கள் கேட்டது இது: வறண்ட குன்று ஒன்றின் பாறை வெடிப்பில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத குட்டிப் பனைமரங்கள் போல ஒரு கொத்து நின்றது. கோடையில் அதே இடத்தில் பழுப்பு நிறத்தில் சுருண்ட நார்தான் கிடந்தது. மழை பெய்த சில நாட்களில் பச்சையாக நிமிர்ந்துவிட்டது. பூவும் இல்லை, காயும் இல்லை. செல்பேசிச் செயலி அதைப் பனங்கன்று என்கிறது, உடன் வந்த நண்பர் புல் என்கிறார். அது என்ன, இயல்பாக எங்கே வளரும், பெயர்த்து வந்து தொட்டியில் வைக்கலாமா?

அது பனையும் அல்ல, புல்லும் அல்ல. அது ஒரு பெரணி (ஃபெர்ன்): பூவும் விதையும் இல்லாமல், தூள் போன்ற வித்துகளால் பெருகும் தாவரம். தமிழில் மயில்சிகை என்று பெயர். தாவரவியலில் ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா. கிரேக்கத்தில் ஆக்டிஸ் என்றால் கதிர், டெரிஸ் என்றால் பெரணி. கதிர்போல் விரியும் பெரணி என்று தாவரவியலாளர்கள் சொன்னதையே நம்மவர்கள் மயிலின் கொண்டையாகப் பார்த்தார்கள். மயிலின் தலையில் மெல்லிய காம்புகள் நிமிர்ந்து, நுனியில் சிறு விசிறிகளாக நிற்பதை நினைத்துப் பாருங்கள். இந்தச் செடிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என்னை உறுதியாகச் சொல்ல வைத்தவை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு செய்திகள்: பாறை வெடிப்பில் நின்றது என்பதும், கோடையில் காய்ந்து மழையில் எழுந்தது என்பதும். பெரணியைப் பொறுத்தவரை அது நிற்கும் இடமே பாதி அடையாளம். மீதிப் பாதி இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. செயலிகள் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலோர் இலையை மேலிருந்து மட்டும் படமெடுத்து அனுப்புகிறார்கள், இடத்தைப் படச்சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். உலகில் ஏறக்குறைய 10,500 வகைப் பெரணிகள் இருக்கின்றன. மேற்பரப்பை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிப்பது, முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பவரின் பெயரைக் கேட்பது போன்றது.

முதலில் பனங்கன்று அல்ல என்பதை நீங்களே சோதித்துவிடலாம். பனையின் விதை முளைத்து வரும் முதல் இலைகள் விசிறியாகவே இருக்காது. பிளவில்லாத, மடிப்பு விழுந்த நீண்ட நாடா போல, ஈட்டியாக மண்ணிலிருந்து நீளும். விசிறி ஓலை வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். விரலளவுச் செடியில் விசிறி இருக்கிறது என்றாலே பனை என்ற எண்ணத்தைக் கைவிடலாம். அடுத்து, விசிறி எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். பனையோலையில் ஒரே அகன்ற பரப்பு மடிப்புகளின் வழியே கிழிந்து விரல்களாகிறது. மயில்சிகையில் அப்படி இல்லை. காம்பின் நுனி இரண்டாகக் கவட்டை பிரியும், ஒவ்வொரு கவையும் மீண்டும் இரண்டாகும், அதுவும் இரண்டாகும். ஒரு கீற்றின் நுனியில் விரலை வைத்துக் கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். பக்கத்துக் கீற்றோடு ஒரு கவட்டையில் சேரும், பிறகு அந்த ஜோடி இன்னொரு ஜோடியோடு சேரும். கடைசியில் எல்லாம் ஒரே காம்பில் வந்து முடியும். நடுநரம்பு என்று ஒன்று இலையின் குறுக்கே ஓடாது. காம்பு விசிறியைவிட நீளமானது, மெலிந்தது, ஆனால் விறைப்பானது. புல்லின் இலை தண்டைச் சுற்றி உறைபோல் தழுவி எழும். இங்கே அப்படியொரு உறையே கிடையாது.

இப்போது இலையைத் திருப்புங்கள். பறிக்க வேண்டியதில்லை, காம்பை மெதுவாகச் சாய்த்தால் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. கொத்தில் இரண்டு விதமான இலைகள் இருப்பதைக் கவனிப்பீர்கள். சில சற்றே குட்டையானவை, அவற்றின் கீற்று நுனிகளில் சிறு பற்கள் வெட்டியிருக்கும். அவை வித்து தாங்காத இலைகள். மற்றவை உயரமாக நிற்பவை, கீற்றுகள் நீண்டு, நுனி பல்லில்லாமல் கூராக முடியும். அந்த உயரமான இலையின் கீற்று ஒன்றைத் திருப்பி லென்ஸில் பாருங்கள். அதன் இரு விளிம்புகளும் உட்பக்கம் மடிந்து, புடைவைக்கு ஓரம் மடித்துத் தைத்ததுபோல் கீற்றின் முழு நீளத்துக்கும் ஓடும். அந்த மடிப்புக்குள்தான் வித்தகங்கள், அதாவது வித்துகளை அடக்கிய நுண்ணிய பைகள், ஒளிந்திருக்கின்றன. இளசாக இருக்கும்போது மடிப்பு வெளிர் நிறத்தில் மூடியிருக்கும். முதிர முதிரப் பழுப்பு வித்தகங்கள் மடிப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே பிதுங்கும். அப்போது கீற்றின் அடிப்பக்கமே பழுப்பாகத் தெரியும். இதைப் பார்த்துப் பூச்சி முட்டையிட்டுவிட்டது, நோய் தாக்கிவிட்டது என்று துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து துடைக்க வேண்டாம். அடுத்த தலைமுறை அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பழுப்புத் துகளை லென்ஸில் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதிர்ந்த கீற்று ஒன்றை மட்டும் எடுத்து, நுண்நோக்கியின் விளக்கு வெப்பத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வித்தகமும் காம்புள்ள ஒரு சின்ன உருண்டை. அதன் முதுகில் தடித்த செல்கள் வரிசையாக நின்று ஒரு வில்போல் வளைந்திருக்கும். வெப்பத்தில் அந்தச் செல்களிலிருந்து நீர் ஆவியாகும்போது வில் மெல்லப் பின்னோக்கி நிமிர்கிறது, உருண்டை கிழிந்து வாய் திறக்கிறது. பின்னால் முழுதாக வளைந்ததும் செல்களில் எஞ்சிய நீர் இழுவிசை தாங்காமல் அறுந்து குமிழி விழுகிறது. அந்த நொடியில் வில் படீரென்று முன்னால் பாய்ந்து வித்துகளை வீசி எறிகிறது. கவண் வேறென்ன செய்கிறது? இந்த இயக்கத்தின் இயற்பியலை 2012இல்தான் அதிவேகக் கேமராக்களின் துணையோடு முழுமையாக விளக்கினார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை. நுண்நோக்கி இல்லாதவர்கள், வித்து முதிர்ந்த கீற்றை வெள்ளைத் தாளில் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு புத்தகத்தை லேசாகச் சாய்த்து மூடிவிட்டு, ஓரிரு நாட்கள் கழித்து எடுங்கள். தாளில் கீற்றின் வடிவம் பழுப்புத் தூளால் கோடு இழுத்திருக்கும். பூக்கும் தாவரம் எதுவும் இப்படித் தன் இலையால் கோடு போடாது. பெரணி என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடிப்பகுதியையும் ஒரு முறை பாருங்கள். காம்புகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து நெருக்கமாகக் கொத்தாக எழும். அந்த இடத்தில் குட்டையான மட்டநிலத்தண்டு, அதன்மேல் குறுகிய பழுப்புச் செதில்கள் அடர்ந்திருக்கும். பார்ப்பதற்காக வெடிப்பைக் கிளற வேண்டாம். மேலே தெரியும் செதில்களே போதும்.

இனி, குழப்பம் வரக்கூடிய மற்றவை. இதே பேரினத்தில் ஆக்டினியாப்டெரிஸ் செமிஃபிளபெல்லேட்டா என்று ஒன்று உண்டு. அதன் விசிறி முழுதாக விரியாது, ஆப்பு வடிவில் குறுகி நிற்கும், கீற்றுகளின் எண்ணிக்கையும் குறைவு. உங்கள் படத்தில் கீற்றுகள் ஏறத்தாழ அரைவட்டம் வரை விரிந்திருக்கின்றன. அதனால்தான் ரேடியேட்டா என்கிறேன். கவட்டை கவட்டையாகப் பிரிந்து இடுக்குகளில் வளரும் இன்னொன்று சைலோட்டம். அதற்கு இலை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லை. பச்சைக் குச்சிகள் பிரிந்து பிரிந்து நிற்கும், பக்கங்களில் மும்மூன்று மடல்களாக மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒரு முறை பார்த்தவர்களுக்குக் குழப்பமே வராது.

உண்மையான குழப்பம் தோற்றத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. மயில்சிகை, மயூரசிகை என்ற பெயர்களைப் பல செடிகளுக்கு வழங்குகிறார்கள். தோட்டத்தில் சிவப்பாகப் பூக்கும் கோழிக்கொண்டைக்கும் அந்தப் பெயர் உண்டு. அடியாண்டம் காடேட்டம் என்ற இன்னொரு பெரணிக்கும் உண்டு. அது தரையோடு சாய்ந்து நீண்டு, இலையின் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் பிடித்துப் புதுச்செடியாகிவிடும். நடந்து போகும் பெரணி என்று சொல்வது அதனால்தான். மூன்றும் முற்றிலும் வேறு தாவரங்கள். மருத்துவ நூலில் மயில்சிகை என்று படித்துவிட்டு, கையில் கிடைத்த மயில்சிகையை யாரும் கஷாயம் வைத்துவிடக்கூடாது. நூல் சொல்லும் செடியும் உங்கள் கையில் இருக்கும் செடியும் ஒன்றுதானா என்பதைப் பெயர் மட்டும் சொல்லாது. வட்டாரப் பெயர்கள் நம் சொத்து, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் மருந்தென்று வரும்போது அறிவியல் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இருப்பிடத்துக்கு வருகிறேன். பெரணி என்றால் நம் மனத்தில் எழுவது அருவியின் சாரல், ஈரப்பாசி, மரநிழல். அதனால் வெயில் காயும் பாறைக்குன்றில் பெரணியைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மயில்சிகை வாழ்வதோ அங்கேதான். ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம், இந்தியா, இலங்கை, நேபாளம் என்று அதன் பரப்பு நீள்கிறது. எங்கும் அதற்குப் பிடித்த இடம் ஒன்றே: மழைக்காலமும் நீண்ட வறட்சியும் மாறி மாறி வரும் நிலத்தில், பாறை வெடிப்பு. அதுவும் கிடைக்காவிட்டால் பழைய சுண்ணாம்புக்காரைச் சுவரின் இடுக்கு, கல் கட்டிய கிணற்றின் உள்சுவர். செடியின் கண்ணுக்கு இவையெல்லாம் பாறை வெடிப்புகள்தாம்.

வெடிப்பு ஏன்? குன்றின் மேல் விழும் மழையை மொட்டைப் பாறை உறிஞ்சுவதில்லை. வழுக்கிக்கொண்டு ஓடி, வழியில் உள்ள முதல் வெடிப்பில் இறங்குகிறது. ஆக ஒரு விரல் அகல வெடிப்புக்கு, மேலே உள்ள அகன்ற பாறைச் சரிவு முழுவதன் நீரும் வந்து சேர்கிறது. சிறு தூறல்கூட அந்த இடுக்கில் நல்ல மழையாகிவிடும். காற்றில் வரும் தூசியும் சருகுப் பொடியும் அங்கே தங்கிக் கொஞ்சம் மண்ணாகின்றன. வெடிப்பின் உட்பக்கம் நிழலில் இருப்பதால் வேர் வெந்துபோவதில்லை. மரத்துக்கோ புதருக்கோ காலூன்ற அங்கே இடமில்லை என்பதால் போட்டியும் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெரணியின் வித்து விழுந்ததும் நேரடியாகச் செடி முளைப்பதில்லை. முதலில் நகக்கண் அளவுகூட இல்லாத, இதய வடிவிலான ஒரு பச்சைத் தகடு வளர்கிறது. அதன் அடியில்தான் ஆண், பெண் உறுப்புகள் உண்டாகின்றன. ஆண் செல் பெண் செல்லிடம் நீந்தித்தான் போயாக வேண்டும். ஒரு மெல்லிய நீர்ப்படலமாவது இல்லாமல் கருவுறுதல் நடக்காது. வெயில் காயும் குன்றில் அந்த நீர்ப்படலம் சற்று நேரம் தங்கக்கூடிய இடம் எது? வெடிப்பின் நிழல்தான்.

அடுத்த முறை போகும்போது குன்றின் எல்லாப் பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பகல் வெயில் நேராக விழும் முகத்தைவிட, காலை வெயில் மட்டும் படும் முகத்திலும் பெரிய பாறைகளின் அடிமடியிலும் கொத்துகள் அடர்ந்திருக்கும். அருகில் வேறு சில பெரணிகளையும் பார்க்கலாம். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் மாவு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது வெள்ளிப் பெரணி வகைகளில் ஒன்று. விரலில் ஒட்டும் அந்த மாவும் வறட்சியைத் தாங்குவதற்கான ஏற்பாடுதான். இவற்றில் ஒன்றைக் கண்டாலே மற்றவற்றைத் தேடத் தொடங்கலாம். வறண்ட பாறைப் பெரணிகள் கூட்டமாக வாழ்கிறவை.

கோடையில் அது செத்துக் கிடந்ததாக நினைத்தீர்கள் அல்லவா? சாகவில்லை. பெரும்பாலான செடிகளின் இலை தன்னிடமுள்ள நீரில் பாதிக்கு மேல் இழந்தால் திரும்பி வராது. மயில்சிகை போன்ற சிலவற்றின் இலை, பெயருக்குக் கொஞ்சம் ஈரம் எஞ்சும் அளவுக்குக் காய்ந்து நொறுங்கும் நிலைக்குப் போனாலும் செல் உயிரோடு இருக்கும். இவற்றை உயிர்மீளும் தாவரங்கள் என்கிறோம். காயத் தொடங்கும்போதே செல்களில் சர்க்கரைகள் சேர்கின்றன. நீர் போன இடத்தில் அவை பாகு இறுகிக் கண்ணாடியானதுபோல் உறைந்து, செல்லின் உறுப்புகளும் சவ்வுகளும் சிதையாமல் தாங்கிப் பிடிக்கின்றன. அதற்கெனவே உருவாகும் காப்புப் புரதங்களும் துணை நிற்கின்றன. வெளியே நமக்குத் தெரிவது கீற்றுகள் உட்பக்கம் சுருண்டு குவிவது மட்டும். அந்தச் சுருளும் வீணல்ல. வேலை செய்யாத பச்சையத்தின் மேல் வெயில் நேராக விழுந்தால் கேடு. சுருண்டால் வெயில் படும் பரப்பு குறைகிறது. மழை வந்ததும் இலை நீரை உறிஞ்சி ஓரிரு நாட்களில் விரிந்துவிடும். புதிய இலை முளைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, காய்ந்த அதே இலையே பச்சையாகிறது. நீங்கள் கோடையில் பார்த்த நாரும் மழையில் பார்த்த விசிறியும் ஒரே இலைகள்தாம்.

இந்தக் காரணத்தால் காலம் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். நல்ல மழைக்குப் பிந்தைய வாரங்களில் வடிவம் தெளிவாகத் தெரியும். மழைக்காலம் முடியும் தறுவாயில் வித்துகள் முதிர்ந்த இலைகள் கிடைக்கும். வறட்சியில் போனால் பழைய புல் என்று கடந்துவிடுவீர்கள். படம் எடுப்பதானால் நான்கு படங்கள் எடுங்கள்: சுற்றியுள்ள பாறையோடு முழுக் கொத்து, ஒரு விசிறி மேலிருந்து, அதே விசிறி அடியிலிருந்து, காம்புகள் சேரும் அடிப்பகுதி. ஒரு படத்திலாவது அளவுகோலோ நாணயமோ பக்கத்தில் இருக்கட்டும். இந்த நான்கும் இருந்தால் பெரும்பாலான பெரணிகளைப் பேரினம் வரை கொண்டுவந்துவிடலாம்.

கடைசிக் கேள்விக்கு என் பதில்: பெயர்க்க வேண்டாம். அதன் வேர்கள் வெடிப்பின் ஆழத்தில் கல்லோடு பின்னிக் கிடக்கின்றன. இழுத்தால் மட்டநிலத்தண்டு கையோடு வரும், வேர் பாறையில் தங்கிவிடும். அப்படிக் கொண்டுவந்ததைக் கொழுத்த மண்ணில் வைத்துத் தினமும் நீர் ஊற்றினால் அழுகிவிடும், ஏனென்றால் அது காய்வதற்கென்றே உருவான செடி. ஒரு விரல் அகல இடுக்கில் அந்தக் கொத்து உருவாக எத்தனை மழைக்காலங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குன்றுகளைக் கல்லுக்காக உடைப்பதாலும், பழைய சுவர்களை மொழுமொழுவென்று சிமென்ட் பூசி மூடுவதாலும் இதன் இடங்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கின்றன. நாமும் அதில் சேர வேண்டாம்.

வளர்க்கும் ஆசை தீரவில்லை என்றால் வித்திலிருந்து தொடங்குங்கள். முதிர்ந்த இலை ஒன்று போதும், செடிக்குக் குறையில்லை. தாளில் விழுந்த தூளைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு துண்டு செங்கல்லைக் கொதிக்கும் நீரில் நன்றாக வேகவைத்து ஆறவிடுங்கள், பாசிகளும் பூஞ்சைகளும் அதில் ஒழிந்துவிடும். நீர் ஊற்றிய தட்டில் அதைப் பாதி மூழ்கும்படி நிறுத்தி, மேல்முகத்தில் தூளை மெல்லத் தூவி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடுங்கள். நேர் வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தட்டில் நீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சில வாரங்களில் செங்கல்லின் முகத்தில் பச்சைப் படலம் தோன்றும். லென்ஸில் பார்த்தால் அவை சின்னச் சின்ன இதயங்களாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் கிண்ணத்தைத் திறந்து கொஞ்சம் நீரைத் தெளித்துவிடுங்கள், நீந்துகிறவர்களுக்கு வழி வேண்டும். பிறகு பல மாதங்கள் பொறுமை. ஒரு நாள் ஏதோ ஒரு இதயத்தின் அடியிலிருந்து, ஊசி நுனி அளவுக் காம்பின் மேல் ஒரு கவட்டை எட்டிப் பார்க்கும். அதை எதிர்பார்த்துக் காலையில் எழுந்ததும் கிண்ணத்தருகே போய் நிற்கும் நாட்களை நீங்களும் அனுபவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். முதல் கவட்டை தெரிந்ததும் ஒரு படம் அனுப்புங்கள்.